இடது பக்கத்து இருக்கை

அது விரிசல் இல்லை. சுரண்டாதீங்க. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, ரப்பர் ஒட்டியிருந்த தடம். அங்கே ஒரு பெட்டி இருந்தது. வழி சொல்லும் பெட்டி. இப்போது இல்லை.

ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்று போனில் சொன்னீங்க. ஓட்டிப் பாருங்க. நானும் வருகிறேன். முன்பின் தெரியாதவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிற ஆள் நான் இல்லை. நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க. நான் இந்தப் பக்கம்.

என்ன இது, முழங்கால் இடிக்கிறது. என் வீட்டுக்காரி சீட்டை முன்னால் இழுத்து வைத்திருக்கிறாள். ஆள் குள்ளம். பதினோரு வருஷமாக இந்த வண்டியை வைத்திருக்கிறேன், இடது பக்கத்தில் உட்காருவது இதுதான் முதல் தடவை. பின்னால் தள்ளுகிற கம்பி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. விடுங்க. இப்படியே இருக்கிறேன்.

கிளட்சை மெதுவாக விடுங்க. அவ்வளவு மிதிக்க வேண்டாம், சொன்ன பேச்சு கேட்கிற வண்டி.

தெருமுனையில் இடது. மில் கேட்டைத் தாண்டினால் பைபாஸ். அங்கே நாலாவது கியர் போட்டுப் பார்க்கலாம். போனை எதற்கு மாட்டுறீங்க? பக்கத்தில் நான் இருக்கிறேனே. திண்டுக்கல்லில் நாற்பது வருஷமாக இருக்கிறவன். சரி, மாட்டுங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் வீட்டுக் கொல்லைக்குப் போகத் தெரியாது.

இடது என்றேன். நேரே போறீங்க.

பரவாயில்லை. போங்க. ஆனால் இன்றைக்குச் சந்தை. சொல்லிவிட்டேன்.

ஏன் விற்கிறீங்க என்று கேட்டீங்களே வாசலில். வண்டியில் குறை இருக்குமோ என்று சந்தேகம். நியாயம்தான். குறை ஒன்றும் இல்லை. வீட்டில் இரண்டு பேர். ஒருத்தி பஸ்ஸில் போகிறாள். மிச்சம் இருக்கிற ஒருத்தனுக்கு எதற்கு நாலு சீட்டு?

காபி கொடுத்தாளே, அவள்தான். மங்கையர்க்கரசி. மங்கை என்று கூப்பிடுவார்கள். நான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறதில்லை. "இந்தா" என்றால் வந்துவிடுவாள்.

நான் பி.டி. வாத்தியாராக இருந்தவன். இருபத்தொன்பது வருஷம். விசில் ஊதினால் எழுநூறு பையன்கள் ஒரே நேரத்தில் காலைத் தூக்குவான்கள். ஒருத்தன் ஏன் என்று கேட்டதில்லை. ஒழுங்கு என்றால் அதுதான். சொன்னால் செய்ய வேண்டும், அல்லது சொல்கிற இடத்தில் இருக்க வேண்டும். நடுவில் நின்று முணுமுணுக்கக் கூடாது.

இவள் முணுமுணுப்பாள். வண்டி வாங்கின புதிதில். "இப்படிப் போனா ரயில்வே கேட்டு வருமே", "அந்த லாரிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்று. கண்ணாடியை இறக்கி, டீக்கடையில் நிற்கிறவனிடம், "அண்ணே, நத்தம் ரோடு எது?" என்று கேட்பாள். எனக்குப் பிடிக்காது. ஓட்டுகிறவன் ஒருத்தன் இருக்கும்போது பொம்பளை வழி கேட்டால் என்ன அர்த்தம்? கண்ணாடியை ஏற்று என்றேன். ஏற்றினாள். அப்புறம் இறக்கவில்லை. நான் ஒரு நாளும் அவளைக் கடிந்து பேசியதில்லை. சொன்னேன், கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

பையன் மஸ்கட்டில் இருக்கிறான், சுதாகர். போன தை மாதம் வந்தபோது இந்தப் பெட்டியைக் கொண்டு வந்தான். உள்ளங்கை அகலம். நான் பட்டன் போன்காரன், அதனால் தனிப்பெட்டி. "அப்பா, உங்களுக்கு அடுத்தவங்ககிட்ட வழி கேக்கப் பிடிக்காது. இது கேக்காமலே சொல்லும்" என்றான். அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று நான் கேட்கவில்லை.

பையன் கொடுத்தான் என்பதற்காக எதையும் நம்புகிறவன் இல்லை நான். சோதித்தேன். முதல் நாள் இவளையும் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். பொம்பளைக் குரல். நல்ல தமிழ், மரியாதையான தமிழ். "முந்நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்றது. வண்டியை ஓரம்கட்டி இறங்கினேன். திருப்பம் வரைக்கும் நடந்து அளந்தேன். நான் எடுத்து வைக்கிற எட்டு ஒவ்வொன்றும் எண்பது சென்டிமீட்டர், சுண்ணாம்புக் கோடு போட்டுப் போட்டுப் பழகின எட்டு, கூடாது குறையாது. முந்நூற்று எழுபத்தெட்டு எட்டு வந்தது. கணக்குப் போடுங்க. முந்நூற்று இரண்டு மீட்டர். இரண்டு மீட்டரை நான் அதற்கு விட்டுக்கொடுத்தேன்.

வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தால் இவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு விசாரிக்கல."

அடுத்து, வேண்டுமென்றே தப்பாகத் திரும்பிப் பார்த்தேன். வலது என்றால் இடது. இடது என்றால் நேரே. ஐந்து தடவை. அது கோபப்படவில்லை. "மாற்று வழி தேடப்படுகிறது" என்றது. ஐந்து தடவையும் அதே குரல், அதே பணிவு. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"பாத்துக்க. அஞ்சு தடவை தப்புப் பண்ணிட்டேன். ஒரு பெருமூச்சு விட்டாளா?" என்றேன்.

"அவளுக்கென்ன? வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கணுமா?" என்றாள்.

நல்லாத்தான் இருந்தது அந்த இரண்டு மாதம். பெட்டிக்கு அந்தம்மா என்று பேர் வைத்தாள். "அந்தம்மாவ எழுப்புங்க, கிளம்பலாம்" என்பாள். பழனிக்குப் போனோம், கரூருக்குப் போனோம். அந்தம்மா சொல்லும், நான் திருப்புவேன். ஒரு நாள் வேடசந்தூர் பக்கம் போகும்போது திடீரென்று, "ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றாள்.

"என்ன?"

"அது சொன்னா நீங்க 'சரி'ங்கறீங்க. வாய்விட்டுச் சொல்றீங்க. நான் சொன்னா 'தெரியும்'பீங்க."

உண்மைதான். என்னை அறியாமல் வந்துவிடும், சரி என்று. அதற்கு என்ன செய்ய முடியும்? அது சரியாகச் சொல்கிறது, நான் சரி என்கிறேன். அன்றைக்கு வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பெட்டியோடு போட்டி போட்டால் நான் என்ன பண்ண?

பிரேக்கைப் பார்த்து. ஆடு வருகிறது. சந்தை ஆடு. இந்தச் சந்தில் நுழையாமல் வலது பக்கம் ஒடித்து வெளியே போய்விடலாம், இப்போதுகூட... சரி. போன் நேரே என்கிறது. நேரே போங்க.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? பங்குனி. பங்குனியில் இவளுடைய அண்ணன் போய்விட்டார். கலியமூர்த்தி. மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் நல்லாண்டகுடி என்று ஊர். அப்பா இல்லாத வீடு, அவர்தான் இவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். பொங்கலுக்குப் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறி வருவார், கரும்பைத் தூக்கிக்கொண்டு. எனக்கும் அவருக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. பேசிக்கொண்டே இருப்பார். எனக்கு ஆகாது.

காலை ஐந்தரைக்கு அவர் மகன் மதியழகன் போன் பண்ணினான். "அத்தை, அப்பா போயிட்டாரு. ஒண்ணரைக்கு ராகு காலம் வந்துடுது. ஒரு மணிக்கு எடுக்குறோம். அத்தை, வந்துடுங்க" என்றான். போனை வைத்துவிட்டு இவள் அழவில்லை. குளித்தாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "முகத்தப் பாத்துடணுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

ஆறு மணிக்கு வண்டியை வெளியே எடுத்துவிட்டேன். நான் ரெடி. பெட்டியில் ஊர் பேரைப் போட்டேன். நாலரை மணி நேரம் என்று காட்டியது. தாராளம். ஆனால் இவள் வரவில்லை. அடுப்படியில் ஏதோ உருட்டிக்கொண்டு நிற்கிறாள். ஹார்ன் அடித்தேன். வரவில்லை. மறுபடி அடித்தேன். ஆறு தடவை அடித்தேன். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். சாவு வீட்டுக்குப் போகும்போது அடுப்படியில் என்ன வேலை, நீங்களே சொல்லுங்க? கடைசியில் வந்தாள். கையில் பர்ஸ்கூட இல்லை. "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றேன். ஏறினாள். கிளம்பினோம்.

தஞ்சாவூர் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பத்தே காலுக்குத் தஞ்சாவூர் தாண்டிவிட்டோம். வழியில் ஓர் இடத்தில் நிறுத்தி இட்லி சாப்பிட்டேன். அவள் இறங்கவில்லை. இருபது நிமிஷம், அதற்கு மேல் ஆகியிருக்காது. மன்னார்குடி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறோம். பெட்டி, "எண்ணூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்றது. அந்த வழியில் பதினான்கு நிமிஷம் மிச்சமாகும் என்று காட்டியது. திருக்கண்ணங்காடு வழி.

அப்போதுதான் இவள் வாயைத் திறந்தாள்.

"இதுலயே போயிடலாங்க. திருக்கண்ணங்காட்டுல இன்னிக்குத் தேரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பங்குனித் தேருங்க. சின்னப் பிள்ளையிலேர்ந்து தெரியும். நாலு தெருவும் அடைச்சுக்கும். தேரு கிளம்பிடுச்சுன்னா நிலைக்கு வர்ற வரைக்கும் ஒரு சைக்கிள்கூட போக முடியாது."

சொன்னாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எப்படிச் சொன்னாள்? மெதுவாக. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. எதையோ நினைத்து முனகுகிற மாதிரி. அவசரமான விஷயம் என்றால் அழுத்திச் சொல்ல வேண்டாமா? கையைப் பிடித்து நிறுத்த வேண்டாமா? அந்தம்மா பாருங்க, எண்ணூறில் ஒரு தடவை, இருநூறில் ஒரு தடவை, திருப்பத்தில் ஒரு தடவை. மூன்று தடவை சொன்னது. தெளிவாகச் சொன்னது.

"சரி" என்றேன். திருப்பினேன்.

பதினொன்றுக்கு மாட்டினோம். மேலவீதி முனை. எதிரே தேர், ஓட்டு வீடுகளுக்கு மேலே கோபுரம் மாதிரி நிற்கிறது. முனையில் திருப்பும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். வடத்தைப் போட்டுவிட்டு ஜனம் உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு வேன், வேனுக்குப் பின்னால் ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் என்னென்னவோ. பின்னால் எடுக்கவும் வழியில்லை. பெட்டி, "நேராகச் செல்லவும்" என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "நேராகச் செல்லவும்."

நீர்மோர் கொடுக்கிற ஒருத்தன் ஜன்னலில் தலையை விட்டான். பெட்டியைப் பார்த்தான்.

"என்ன சார், இவ்வளவு பெரிய தேரு அந்த டிவில தெரியலையா?"

பக்கத்தில் இருந்தவன்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒருத்தன், "சாமிய ஓரமா ஒதுங்கச் சொல்லுங்க சார், அவங்க நேராப் போகணுமாம்" என்றான். படித்த மனுஷன் என்ற மரியாதை கிடையாது.

பதினொன்றரைக்கு இவள் சொன்னாள். "நான் இறங்கிக்கறேங்க. குளத்துக்கு அந்தாண்ட போயிட்டா மினி பஸ் வரும். இல்லாட்டி யாராவது வண்டில ஏத்திக்குவாங்க. எங்க ஊருப் பக்கந்தானே, முகம் தெரிஞ்சவங்க இருப்பாங்க."

"உட்காரு" என்றேன்.

"ஏழு மைல்தாங்க. நடந்தாக்கூட..."

"நடந்து போறதுக்கா காரு வச்சிருக்கேன்? புருஷன் கார்ல வர்றான், பொண்டாட்டி எவன் பின்னாலயோ ஏறி வந்தாள்னு உங்க ஊர்ல பேசவா?"

கதவைத் திறந்துவிட்டாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பலமாகப் பிடிக்கவில்லை. இன்னும் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் என்ன கண்டேன்?

தேர் நகரும்போது பன்னிரண்டு ஐம்பது. ஜனம் கத்துகிறது, பாதிப் பேர் அழுகிறார்கள், பக்தி. இவள் தேரைப் பார்த்துக் கும்பிடவில்லை. அதை நான் கவனித்தேன். மடியில் கை இரண்டையும் வைத்துக்கொண்டு, பெட்டியில் ஓடுகிற நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் விலகி எங்களுக்கு வழி கிடைக்க ஒன்றே கால் ஆனது. அதற்கப்புறம் பறந்தேன். யாரும் குறை சொல்ல முடியாத மாதிரி ஓட்டினேன். பெட்டி ஆற்றங்கரை வழியாக ஊருக்குப் பின்பக்கம் கொண்டுபோனது. அந்தப் பக்கம் முதலில் வருவது ஊர் இல்லை, சுடுகாடு. ரோடெல்லாம் பூ. சாமந்திப் பூவும் பொரியும் கிடக்கிறது. வெடிச் சத்தம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. இவள் அந்தப் பூவைப் பார்த்தாள்.

மணி ஒன்றே முக்கால். வேலி ஓரத்தில் நிறுத்தினேன். உள்ளே ஆம்பளைகள் கூட்டம். இன்னும் மூடவில்லை, முகம் திறந்துதான் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. நல்லகாலம் என்றுதான் நினைத்தேன்.

மதியழகன் ஈரவேட்டியோடு ஓடி வந்தான். "மாமா, அத்தை எங்க?"

"கார்ல இருக்கா."

"கூட்டிட்டு வாங்க மாமா. ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போகட்டும். அவங்களுக்காகத்தான் கால் மணி நேரம் வீட்டுல வச்சிருந்தோம். ராகு காலம்னு பெரியவங்க சத்தம் போட்டாங்க, எடுத்துட்டு வந்துட்டோம். இங்கயும் அத்தைக்காகத்தான் இன்னும் மூடல."

"பொம்பளைங்க இங்க வரக் கூடாதுப்பா."

"வழக்கம்தான் மாமா. இன்னிக்கு ஒரு நாள். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

யாரும் சொல்லவில்லைதான். கிழவர்கள் நாலு பேர் நின்றார்கள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் அது அவர்கள் ஒழுங்கு. இருபத்தொன்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்தவன், கோட்டைத் தாண்டாதே என்று சொல்லிச் சொல்லி விசில் ஊதினவன், நானே போய்ப் பொண்டாட்டியைக் கையைப் பிடித்துச் சுடுகாட்டுக்குள் கூட்டி வரவா? "வேண்டாம்ப்பா. வழக்கத்த மாத்த நாம யாரு?" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். சின்னப் பையன், அப்பன் போன துக்கம். நான் பெரிதுபடுத்தவில்லை.

நான் போய் வாய்க்கரிசி போட்டேன். அங்கேயும் ஓர் அவமானம். ஒரு பெரியவர் கேட்டார், "தங்கச்சி வீட்டு அரிசி எங்கே?" என்று. அந்தக் குடும்பத்தில் அது உண்டு. அந்த வீட்டில் பிறந்த பொண்ணு தன் வீட்டுப் பானையிலிருந்து ஒரு பிடி அரிசி, அதில் ஒரு காசு வைத்து முடிந்து கொண்டுவர வேண்டும். அவள் கையால் போட வேண்டும், முடியாவிட்டால் கொடுத்தனுப்ப வேண்டும். "கொண்டு வரல" என்றேன். நாலு பேர் முன்னால் வெறுங்கையோடு நின்றேன். அப்புறம் அங்கே இருந்த சட்டியிலிருந்தே எடுத்துப் போட்டேன். மூன்று தடவை. இது அவள் வீட்டு வழக்கம், என் வீட்டு வழக்கம் இல்லை. அவளுக்கு ஞாபகம் இருக்க வேண்டாமா?

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் கேட்டேன். "அரிசி எங்கேன்னு கேக்குறாங்க. ஒரு பிடி எடுத்து வரணும்னு உனக்குத் தோணலையா?"

இடது கை கதவுப் பக்கம் இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டியை எடுத்தேன். ஊருக்குள் நுழையும்போது, "முகம் எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. தூங்குற மாதிரி."

"சவரம் பண்ணிவிட்டிருந்தாங்களா? ஒரு மாசமா படுக்கைல கிடந்தாரு. தாடியோட அவருக்குப் பிடிக்காது."

"கவனிக்கல."

"நெத்தில அந்தத் தழும்பு..."

"கவனிக்கலன்னு சொன்னேன்ல."

நான் என்ன தாடி தழும்பு பார்க்கவா போனேன்? போட வேண்டியதைப் போட்டேன், கும்பிட்டேன், வந்தேன். வீட்டு வாசலில் இறங்கினாள். பொம்பளைகள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதுதான் அவள் இந்த வண்டியிலிருந்து கடைசியாக இறங்கினது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இதே வண்டியில்தான் போனேன். அவள் அங்கேயே இருந்தாள். சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பினோம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். இவள் ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே பஸ் ஸ்டாப் பக்கம் நடக்கிறாள்.

"எங்க போற?"

"வெயில்ல கார்ல வந்தா தல சுத்துதுங்க. நான் பஸ்ல வந்துடறேன். நீங்க பாத்து வாங்க."

ஊர் பார்க்கிறது. என்ன செய்ய? அவள் ஏறின பஸ்ஸுக்குப் பின்னாலேயே தஞ்சாவூர் வரைக்கும் ஓட்டினேன். முந்தியிருக்கலாம். முந்தவில்லை. பின்பக்க ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், தலை தெரிந்தது. பக்கத்தில் யாரோ ஒரு பொம்பளை. ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். கையை நீட்டி ஏதோ காட்டினாள், அந்தப் பொம்பளை எட்டிப் பார்த்தாள். அவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. பெட்டி எனக்கு வேறு குறுக்குவழி சொல்லிக்கொண்டே இருந்தது. திரும்பவும், திரும்பவும் என்று. அன்றைக்குத்தான் அதைப் பிடுங்கினேன். ரப்பர் வரவே மாட்டேன் என்றது. அந்தத் தடம்தான் நீங்க பார்த்தது.

எட்டு மாதம். கோயில், கல்யாணம், கண் ஆஸ்பத்திரி எல்லாம் பஸ்தான் அவளுக்கு. எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று மனப்பாடம். சண்டை கிடையாது. சோறு போடுகிறாள், காபி கொடுக்கிறாள். "என்ன கோபம் உனக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன். "கோபமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள், அந்தப் பெட்டி பேசுகிற மாதிரியே. பையன் போனில் சொல்கிறான், "அப்பா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று. என்ன வார்த்தை? தப்பாக வழி காட்டினது பெட்டி. பள்ளத்தில் இறங்கினது தேர். ராகு காலம் பார்த்து எடுத்தது அவள் வீட்டு ஆட்கள். அரிசியை மறந்தது அவள். இதில் நான் எங்கே வருகிறேன்?

நின்றுவிட்டதா? பார்த்தேன். முன்னால் ஆட்டு வண்டி, பின்னால் லாரி. இனி அரை மணி நேரம் அசையாது.

நான் சொன்னேன். தெருமுனையிலேயே சொன்னேன், இடது என்று. சந்தை என்றும் சொன்னேன். நடுவில் ஒரு தடவை வெளியே போக வழியும் காட்டினேன். உங்க காதில் விழாமல் இல்லை. விழுந்தது, போனைப் பார்த்தீங்க. இந்த சீட்டில் உட்கார்ந்து பேசினால் அந்தப் பக்கம் போய்ச் சேராது போலிருக்கிறது. வண்டியில் என்ன குறை என்று கேட்டீங்களே, வேண்டுமானால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்க.

வேர்க்கிறது. இந்தக் கதவுப் பையில் துணி ஏதாவது இருக்கும். உள்ளே இந்தப் பக்கமெல்லாம் அவள்தான் துடைப்பாள், நான் கை வைத்ததில்லை. எட்டு மாதமாக யார் துடைத்தது? ஒரே தூசி.

இது துடைக்கிற துணி இல்லை.

கைக்குட்டை. அவளுடையதுதான், ஓரத்தில் ஊதா நூல். முடிச்சுப் போட்டிருக்கிறாள். பல்லால் இழுத்து முடிந்த முடிச்சு, அவிழவே மாட்டேன் என்கிறது. இருங்க.

அரிசி.

வண்டு விழுந்து மாவாகிக் கொட்டுகிறது. ஒரு பிடி இருந்திருக்கும். நடுவில் ஒரு ரூபாய்க் காசு.

அடுப்படியில் அவ்வளவு நேரம்...

ஹார்ன் அடிக்காதீங்க தம்பி. அவர்கள் நகரும்போது நகரட்டும். கையை எடுங்க. ஹார்ன் அடிக்காதீங்க.